நாலு பேருக்கு ரோல்ஸ்

நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில், நியூ லின் ரயில் நிலையம். தெருவுக்குக் கீழே பள்ளத்தில் இருக்கும் நடைமேடையில் நகரத்துக்குப் போகும் ரயிலுக்காக உட்கார்ந்திருக்கிறேன். பக்கத்து அம்மாவின் மடியில் ஒரு பெரிய டப்பா. வாசனை ஆளைத் தூக்குகிறது. நான் போனில் தமிழ் பேசி முடித்ததும், "இந்தியாவோ தம்பி?" என்று கேட்டபடி ஒரு மட்டன் ரோலை நீட்டுகிறார். மறுக்கும் பண்பு எனக்குக் கிடையாது.

யாழ்ப்பாணத்துக்காரர். டொராண்டோவில் இருக்கும் அவருடைய அக்காவின் மகள் ஓர் இண்டி பாப் பேண்டில் பாடுகிறாளாம். இன்றைக்கு ஆக்லாந்தில் அவர்கள் கச்சேரி.

"அக்கா வீட்டு பேஸ்மெண்டிலதான் தொடங்கினவை. பள்ளிக்கூடச் சிநேகிதர் நாலு பேர். சத்தம் தாங்கேலாமல் அத்தான் மேல நிண்டு காலால இடிப்பார். பிறகு ரெண்டு ஆல்பம் வந்திட்டுது. பழைய வான் வண்டி ஒண்டில பனிக்குள்ள ஊர் ஊராப் போய்ப் பாடினவை. இப்ப அத்தான் கார்ல வேற பாட்டே போடுறேல்லை."

போனில் இன்றைய போஸ்டரைக் காட்டுகிறார். அதில் இரண்டு முகங்கள்தான் இருக்கின்றன.

"மத்த ரெண்டு பேர் எங்க?"

"விட்டிட்டுப் போட்டினம் போல. அவளைக் கேட்டால், எல்லாரும் சுகம் எண்டுறாள்."

"அப்ப எதுக்கு இவ்வளவு ரோல்ஸ்?"

"அவள் தன்ர வாயால சொல்லும்வரைக்கும் நான் நாலு பேருக்குத்தான் கொண்டுபோவன்."

ரயில் வருகிறது. எழப்போனவர் மறுபடி உட்கார்ந்து மூடியைத் திறக்கிறார்.

"இன்னொண்டு எடுங்கோ தம்பி. மிஞ்சத்தானே போகுது."