மூன்று தட்டு கூடுதல்

கம்ப்யூட்டர் பாட்டை வாசித்து முடித்தபோது என் தாளில், தாளத் தட்டுக்கு ஒன்றாக, இருநூற்று இருபத்தேழு பென்சில் கோடுகள் இருந்தன. இருநூற்று இருபத்துநான்குதான் இருக்க வேண்டும். பார் என்கிற தாளக்கட்டம் பல்லவிக்கு எட்டு, சரணத்துக்கு எட்டு. மூன்று சரணங்கள், ஒவ்வொன்றும் முடிந்ததும் பல்லவிக்குத் திரும்ப வேண்டும். ஏழு எட்டு ஐம்பத்தாறு, பாருக்கு நான்கு தட்டு. முப்பத்தொரு வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தவனுக்கு இதில் தடுமாற ஒன்றுமில்லை.

ஒருவேளை எண்ணியதில்தான் தப்போ என்று மறுபடியும் ஓடவிட்டேன். இருநூற்று இருபத்தாறு வந்தது. மூன்றாம் முறை மீண்டும் இருநூற்று இருபத்தேழு.

என் அண்ணன் போடி பஜாரில் ஏலக்காய்க் கடை வைத்திருந்தார். மூட்டைகளைத் தொட்டுத் தொட்டு எண்ணிக்கொண்டே வந்தவர், ஒருநாள் பதினேழு, பதினெட்டு, பதினேழு என்றார். நாங்கள் எல்லோரும் சிரித்தோம், அவரும் சிரித்தார். அடுத்த மழைக்காலத்துக்குள் தன் வீட்டு வாசலிலேயே நின்றுகொண்டு இது யார் வீடு என்று கேட்டார். அப்போது அவருக்கு எழுபத்தொன்று. எனக்கு இப்போது எழுபத்துமூன்று.

தேனியில் எங்கள் சபையின் பாடகர் குழுவில் பத்தொன்பது பேர். அறுப்பின் பண்டிகைக்கு அந்தப் பாட்டை நான்கு குரலில் பாடுவதாக ஏற்பாடு. நோட்டேஷன் பார்த்துப் படிக்கத் தெரிந்தவர்கள் நான்கே பேர். மற்ற பதினைந்து பேரும், சாஃப்ட்வேரில் நான் எழுதி வைப்பதைக் கம்ப்யூட்டர் வாசிக்க, அதை வாட்ஸப்பில் வாங்கிக் கேட்டுப் பாடம் பண்ணுகிறவர்கள். கம்ப்யூட்டர் எப்படி வாசிக்கிறதோ அப்படித்தான் பாடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை எதிரே நின்று கையசைத்துத் தாளம் காட்டுவது நான்.

காலை ஒன்பது மணிக்குக் கோளாறைத் தேட உட்கார்ந்தேன். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன். பியானோ சத்தத்தை மாற்றி ஆர்கன் வைத்தேன். நான்கு குரல்களையும் தனித்தனியே ஓட்டிப் பார்த்தேன். நான்கிலும் அதே மூன்று கூடுதல். இந்தக் கணக்கை எண்ணித் தரச் சொல்லி மனைவியைக் கூப்பிட்டேன். பெண்களின் கீழ்க்குரலான ஆல்ட்டோவில் பாடுகிறவள் அவள்.

“எனக்குப் பாடத்தான் தெரியும். எண்ணுறதுக்குத்தான் உங்களக் கட்டிக்கிட்டேன்” என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

பல்லவியை மட்டும் ஓட்டினேன். முப்பத்திரண்டு, சரி. சரணத்தை மட்டும் ஓட்டினேன். முப்பத்துமூன்று. மூச்சு கொஞ்சம் திரும்பியது. சரணத்தின் எட்டு பார்களையும் ஒவ்வொன்றாகத் தட்டியதில் கடைசி பாரில் ஐந்து தட்டு விழுந்தது. பார்வைக்கு அதில் நான்கு தட்டுக்கான சுரங்கள்தான் இருந்தன. ஆனால் அந்த பாரின் மேல் மூலையில் பொடியாக ஒரு கூட்டல் குறி. திரையில் ஒட்டிய தூசி என்று நினைத்துத் துண்டால் துடைத்தேன், போகவில்லை. மறைத்து வைத்தவற்றைக் காட்டச் சொல்லி மெனுவில் ஒரு வசதி உண்டு. அதை அழுத்தியதும் பாரின் கடைசியில் சாம்பல் நிறத்தில் ஒரு ரெஸ்ட் எழும்பி நின்றது. ஒரு தட்டு மௌனம். தாளில் அச்சாகாது, வாசிக்கும்போது மட்டும் கணக்கில் வரும்.

என் மண்டையில் ஒன்றுமில்லை, கோளாறு பெட்டிக்குள்தான் என்று எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. அந்த ரெஸ்டை அழித்தேன். எண்ணினேன், இருநூற்று இருபத்துநான்கு. ‘திருத்தியது’ என்று எழுதி எல்லோருக்கும் அனுப்பினேன்.

இருபது நிமிஷத்தில் கீபோர்டு வாசிக்கும் அம்மாவிடமிருந்து போன் வந்தது. குழுவை நடத்துவதும் அவர்தான்.

“சார், மூச்ச எடுத்துட்டீங்களே” என்றார்.

எனக்குப் புரியவில்லை. அவர் பொறுமையாகச் சொன்னார். எங்கள் சபையில் காலங்காலமாகச் சரணம் முடிந்ததும் எல்லோரும் ஒரு தட்டு நிறுத்தி, சேர்ந்து மூச்சு வாங்கித்தான் பல்லவியை எடுப்பார்கள். எந்தப் புத்தகத்திலும் அது கிடையாது. முதலில் நான் அனுப்பியதில் அந்தத் தட்டு இல்லை. அதைக் கேட்டுப் பழகியவர்கள், போன வாரத்துக்கு முந்தின ஒத்திகையில் ஆளுக்கொரு பக்கம் ஓடியிருக்கிறார்கள்.

“ஆல்ட்டோல இருக்கறவுக பாதிப் பேரு மூச்சு முட்டி நின்னுட்டாக. அப்ப நீங்கதான சார் சொன்னீக? ஒரு ரெஸ்ட் போட்டு மறைச்சு வச்சிடுறேன், பேப்பர் அழகு கெடாது, கம்ப்யூட்டர் மட்டும் எண்ணிக்கும்னு.”

“ஆமாம்மா, ஆமாம்” என்றேன். சிரித்தும் வைத்தேன். வேறு பழைய ஃபைலைத் திறந்து அனுப்பிவிட்டேன் என்று ஒரு பொய்யும் சொன்னேன்.

அந்த ஒத்திகை எனக்கு நினைவிருக்கிறது. மின்விசிறி மூன்றில் ஒன்று ஓடவில்லை. டீ பதினெட்டு டம்ளர்தான் வந்தது, ஒன்று குறைந்தது. இந்தப் பேச்சு மட்டும் இல்லை. அந்த ரெஸ்டைப் போட்ட கை என்னுடையது. இந்த வீட்டில் வேறு யாரும் அந்தக் கம்ப்யூட்டரைத் தொடுவதில்லை. எவ்வளவு தோண்டியும், அந்த இடத்தில் வெறும் சுவர்தான் இருந்தது.

மத்தியானம் சாப்பிடாமல் உட்கார்ந்து ரெஸ்டைத் திரும்பப் போட்டேன். இந்த முறை மறைக்கவில்லை. கறுப்பாக, எல்லோர் தாளிலும் தெரியும்படி அச்சடித்தேன். ஆடியோவையும் மறுபடி அனுப்பினேன். தாளை எடுத்துப் பார்த்த மனைவி, இங்கன எதுக்கு இது, நாமதான் நிறுத்துவோமே என்றாள்.

“நான் மறந்துட்டேன்” என்றேன்.

“எத?”

“போட்டத. போடுறேன்னு சொன்னதயும்.”

என் அண்ணன் பேரை அவள் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. தாளை மடித்துப் பைபிளுக்குள் வைத்தாள். திங்கட்கிழமை மதுரைக்குப் போய் டாக்டரைப் பார்த்துட்டு வந்துருவோம், என்றாள். அதற்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமை இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பத்தொன்பது பேரும் வந்திருந்தார்கள். முதல் சரணத்துக்குப் பிறகு கையை உயர்த்தி ஒரு தட்டு நிறுத்தினேன். பத்தொன்பது நெஞ்சும் ஒன்றாக ஏறி இறங்கிப் பல்லவி வந்தது. அடுத்த சரணமும் அப்படியே. அதற்கடுத்து கையை உயர்த்தியபோது, இது இரண்டாவதா மூன்றாவதா என்று ஒரு கணம் இருட்டியது. மூன்றாவது என்றால் இந்தப் பல்லவியோடு கையை இறக்க வேண்டும். ஆல்ட்டோவின் பக்கம் பார்த்தேன். எண்ணத் தெரியாது என்றவள் பாட்டுத்தாளின் விளிம்பில் மூன்று விரல்களை விரித்துப் பிடித்திருந்தாள். கண் தாளில் இல்லை, என் மேல் இருந்தது.

பல்லவி முடிந்ததும் கையை இறக்கினேன். சரியாக நின்றது. மூன்று என்பது அவள் விரலைப் பார்க்கும் முன்பே எனக்குத் தெரிந்திருந்தது. தெரிந்திருந்தது என்றுதான் நினைக்கிறேன்.