மண்வெட்டி பிடித்த நெசவுக் கை

நேற்று ஆரணியில் எங்கள் தெருமுனைக்கு ஜேசிபி வந்து சாக்கடைத் தூரை அள்ளிப் போட்டது. எல்லோரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓட, நான் மட்டும் நின்று முகர்ந்து பார்த்தேன். சிரிக்காதீர்கள், எனக்கு அந்தச் சேற்றில் கத்திரிக்காய் சாம்பார் மணத்தது.

எழுபதுகளில் அது சாக்கடையில்லை. கமண்டல நாக நதியிலிருந்து ஏரிக்குப் போன கால்வாய். ஜாகிர்தார் காலத்தில் வெட்டியது என்பார் அப்பா; அதற்கும் முந்தியது என்று விவசாயிகள் சண்டைக்கு வருவார்கள். எங்கள் பக்கம் கிணற்றுத் தண்ணீர் உப்பு. கால்வாயில் அலசினால்தான் சாயப் பட்டு பளபளக்கும். நெல்லுக்கும் அதே தண்ணீர்தான், எருமைக்கும் அதேதான், பாவாடையோடு குதிக்கும் எங்களுக்கும் அதேதான்.

ஆற்றில் தண்ணீர் வருமுன் ஊர் கூடித் தூர் வாரும். எங்கள் நெசவுத் தெரு மட்டும் மண்வெட்டியைத் தொடாது. உள்ளங்கை சொரசொரத்தால் பட்டிழை சிக்கிக்கொள்ளும் அல்லவா! பதிலுக்கு நாங்கள் சோறும் கத்திரிக்காய் சாம்பாரும் சமைப்போம். மதியம் நெசவுத் தெருவும் உழவர் தெருவும் கரையில் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும்.

ஒரு வருஷம் சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்த அப்பாவை, அவர் சிநேகிதர் ஏகாம்பரம் சீண்டினார். நாலு காணி நெல் வைத்திருந்தவர், வாய் மட்டும் நாற்பது காணி.

"இன்னாபா, நெசவுக் கை கரண்டி புடிக்கத்தான் லாயக்கா?"

அப்பாவுக்கு ரோஷம் மூக்கின் மேல். கரண்டியைப் போட்டுவிட்டு மண்வெட்டியை எடுத்தவர், பொழுது சாயும்வரை நிறுத்தவில்லை.

மறுநாள் தறியில் உட்கார்ந்தார். கொப்புளம் உடைந்த கையில் இழை ஒட்டி ஒட்டி அறுந்தது. தறியில் இருந்ததோ முகூர்த்தப் புடவை, அதுவும் ஏகாம்பரத்தின் மகளுக்கு! புடவையின் உடம்பு முடிந்து முந்தானை மட்டும் பாக்கி. கல்யாணம் அடுத்த வாரம்.

புடவை எதுவரை வந்தது என்று பார்க்க வந்த ஏகாம்பரம் அப்பாவின் கையைப் பார்த்துவிட்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அய்யய்யோ, என் வாயி சும்மா இருந்துகினு இருக்கக்கூடாதா!"

அதுவரை அம்மா தறியில் உட்கார்ந்தது அப்பா சாப்பிடும் நேரத்தில் மட்டும்தான், அதுவும் வெறும் உடம்புப் பகுதிக்கு. முந்தானை ஜரிகையை யாரும் அவளிடம் விட்டதில்லை. அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"எழுந்திரிங்க. நீங்க பக்கத்துல குந்திகினு சொல்லுங்க, போதும்."

அப்பா சொல்ல ஆரம்பித்தார். கொஞ்ச நேரத்தில் அவர் சொல்வதற்குமுன் அவள் கை போய்விட்டது. பிறகு அவர் வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தார். நான் தார்க்குச்சியில் இழை சுற்றிக் கொடுத்துக்கொண்டே அவர் முகத்தைப் பார்த்தேன். அப்படியொரு பெருமையை அதில் அதற்குமுன் கண்டதில்லை.

கல்யாணப் பந்தலில் அப்பா கட்டுப் போட்ட கையோடு வரிசை வரிசையாகப் போய்ச் சொன்னார்: "முந்தானி நம்ம வூட்டுக்காரி நெய்ஞ்சதுங்க."

அடுத்த வருஷத் தூர்வாரலில் சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு பரிமாறியது ஏகாம்பரம். அப்பாவும் அம்மாவும் கரையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். ஏகாம்பரத்தை நான் இரண்டு தடவை சாம்பார் கேட்டு ஓடவிட்டேன்.

பட்டு இன்றும் ஆரணியில் ஓடுகிறது. அலசுவது போர்வெல் தண்ணீரில். ஏரிக்குப் போகும் வழியெல்லாம் வீடுகள், கால்வாய் மேல் சிமென்ட் பலகை, அதன் மேல் கடைகள். வண்டியை நிறுத்திய ஜேசிபி டிரைவரிடம், "சாப்டியாபா?" என்று கேட்டேன்.

"பார்சல் கீதுக்கா. எங்க குந்தித் துன்றதுன்னுதான் தெரில."

நானும் சுற்றிப் பார்த்தேன். கரை இல்லை.