பொக்கற் வைத்த களிசான்

எனக்கு வயது எழுபத்தெட்டு. ஆறு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவள். எழுத்துக்கூட்டித்தான் எழுதுவேன், ஆனால் ஒன்றையும் மறந்தவளில்லை. பாலைப்பழத்தின் பால் காய்ந்து ஒட்டிய காக்கித் துணியின் வாசம் இன்றும் என் மூக்கில் நிற்கிறது.

கண்டாவளையில் எங்கள் வீட்டில் மூன்றும் பெட்டைப்பிள்ளைகள், நான் கடைக்குட்டி. எனக்கு ஐந்து வயதானபோது ஐயா என் தலைமயிரை ஒட்ட வெட்டுவித்து, இரண்டு பக்கமும் பொக்கற் வைத்த காக்கிக் காற்சட்டை ஒன்று தைப்பித்துப் போட்டார். "களிசான்" என்போம். அக்காமார் பூச்சட்டை போட்டுக் குசினிக்குள் அடுப்படியில் நிற்க, நான் ஐயாவின் சைக்கிள் பாரில் ஏறி வயலுக்குப் போவேன், மாடு சாய்த்துப் பட்டிக்கு ஓட்டுவேன், பாலைமரத்தடியில் பழம் பொறுக்கிப் பொக்கற் நிறைய அடைப்பேன். வரம்பில் நிற்பவர்கள் "ஆரப்பா இந்தப் பெடியன்?" என்றால் ஐயா சிரித்தபடி, "என்ர சின்னவன்" என்பார். அந்தச் சொல்லுக்காக நான் முள்ளிலும் நடந்திருப்பேன்.

அடுத்த வருடம் தம்பி பிறந்தான். பிள்ளைப்பேற்றுத் தீட்டான துடக்கைக் கழித்த அன்று பெரியம்மா என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போய்க் களிசானைக் கழற்றி, அக்காவின் பழைய பூச்சட்டையை மாட்டிவிட்டார்.

"பெட்டைக்குப் பெடியன்ர உடுப்புப் போட்டால் அடுத்தது பெடியனாய் வருமெண்டு நான்தானடி உன்ர கொப்பருக்குச் சொன்னனான். வந்திட்டான். இனி உனக்கென்னத்துக்கு?"

ஈரக்காலோடு ஐயாவிடம் ஓடினேன். அவர் மடியில் தம்பி.

"ஐயா, என்ர களிசானைத் தரச்சொல்லுங்கோ."

அவர் நிமிரவில்லை. "அது தம்பிக்கு, பிள்ளை. நீ போய்க் கொம்மாவுக்கு உதவி செய்."

மறுநாள் ஐயாவின் சைக்கிள் வாசல் படலையைத் தாண்டியபோது பாரில் ஒருவரும் இல்லை. வெறும் பாரோடு போனாலும் போவார், நான் வேண்டாம். பெரியம்மாவின் கதை என்னைச் சுடவில்லை. என்னைச் "சின்னவன்" என்று கூப்பிட்ட நாளெல்லாம் ஐயா வேறொருவனைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார் என்பதுதான் சுட்டது.

பெட்டகத்துள் கிடந்த களிசான் பிறகு தம்பிக்கு அளவாக வந்தது. "இதென்னக்கா பொக்கற்றுக்குள்ள ஊத்தை?" என்று கேட்டான்.

அந்தப் பாலைமரங்கள் இப்போது இல்லை; ஐயாவும் இல்லை. என் பெட்டைகளின் சட்டைகளுக்கெல்லாம், பார்த்தவர்கள் சிரிக்கச் சிரிக்க, பொக்கற் வைத்தே தைத்தேன். பேத்தி ஜீன்ஸோடு என் முன்னால் சம்மணமிட்டு இருக்கிறாள்.

இந்தா மோனை, நான் எழுதினதை வாசி. ஐயா "அது தம்பிக்கு" எண்டு சொன்ன இடம் வந்தால் குரலைக் குறைக்காதை. எல்லாருக்கும் கேக்கவேணும்.