அல்போன்ஸ் வாங்கிய ஏழு கவர்கள்

போர்ட் பிளேரின் மின்னி பே ஜெட்டியோரம் படகுகளின் அவுட்போர்டு எஞ்சின் பழுது பார்க்கும் அல்போன்ஸிடம் ஒரு ரகசியத்தைச் சொன்னால், சொன்னவருக்கே அது மறந்துபோகலாம். அல்போன்ஸ் வாயிலிருந்து மட்டும் ஓர் எழுத்து வெளியே வராது. அப்பேர்ப்பட்ட மனிதரைப் போலீசுக்கு ஆள்காட்டி என்று ஊர் முழுக்கப் பேச வைத்தது ஒரு சினிமா. கேட்டால் சிரிப்பு வரும். சிரித்துக்கொள்ளுங்கள், ஆனால் சகாயசெல்வி முன்னால் மட்டும் வேண்டாம். அவர் அல்போன்ஸின் மனைவி. இன்றைக்கும் அந்தப் படத்தின் பெயரை எடுத்தால் கையில் இருக்கும் கரண்டி பறக்கும்.

அல்போன்ஸின் அப்பா தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்தவர். மகன் பிறந்தது, ஞானஸ்நானம் வாங்கியது, தாலி கட்டியது எல்லாம் போர்ட் பிளேரில்தான். மெயின்லாந்தைப் பார்த்தது மூன்றே தடவை. மூன்று தடவையும் கப்பலில் வாந்தி. பரம்பரை மீன்காரன் மகனுக்குக் கடல் ஒத்துக்கொள்ளாவிட்டால் என்ன செய்வது? கரையில் உட்கார்ந்து எஞ்சினைப் பழகிக்கொண்டார்.

அவர் தொழிலில் ஒரு வில்லங்கம் உண்டு. மீன் விழும் இடம் என்பது சின்னப் படகில் போகும் டிங்கிக்காரனுக்குச் சொத்து மாதிரி. பெற்ற மகனிடம்கூடக் கடைசி மூச்சில்தான் சொல்வான். ஆனால் எஞ்சினுக்குப் பொய் சொல்லத் தெரியாதே! விசிறியில் சுற்றிய பாசி என்ன பாசி, அதன் ஓரத்தில் பாறை உரசிய கீறல் எப்படி, தண்ணீர் இழுக்கும் ஓட்டையில் சிக்கிய மணல் வெள்ளையா கறுப்பா, பெட்ரோல் எவ்வளவு குடித்திருக்கிறது என்று பார்த்தாலே போதும், டிங்கி எங்கே போய் நின்றது என்று அல்போன்ஸ் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவார். இல்லை, சொல்ல மாட்டார். அதுதான் விஷயமே. இருபது வருஷமாக அந்த ஜெட்டியின் அத்தனை பேர் இடமும் அவருக்குத் தெரியும். ஒருவன் இடம் இன்னொருவன் காதுக்குப் போனதில்லை. எஞ்சினை இறக்கி வைத்துவிட்டு நிம்மதியாக டீ குடிக்கப் போவார்கள். அந்த நிம்மதிதான் அவருக்குச் சோறு போட்டது, ஸ்பேனரெல்லாம் அப்புறம்தான்.

அவரிடம் எஞ்சின் கொடுப்பவர்களில் உதயசூரியன் என்று ஒருவர். கட்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் பிறந்து, சுனாமிக்குப் பிறகு இங்கே வந்து குடியேறியவர். மற்றவர்கள் வெறுங்கையோடு திரும்பும் நாளிலும் உதயசூரியன் டிங்கியில் கலவா மீன் துள்ளும். எங்கே பிடிக்கிறான், எங்கே பிடிக்கிறான் என்று ஜெட்டியே மண்டையைப் பிய்த்துக்கொண்டது. எதிரே டீக்கடை வைத்திருக்கும் குணா, ஒரு மாதம் இலவசமாக டீ ஊற்றிக்கூடப் பார்த்தான். அல்போன்ஸ் டீயைக் குடித்தார், வாயைத் துடைத்தார், போய்விட்டார்.

இப்படி இருந்தவர் வாழ்க்கையில்தான் சென்னைப் படக்குழு வந்து இறங்கியது. கடத்தல், கொலை, துரத்தல் என்று ஒரு திரில்லர். போலீசுக்குத் துப்புச் சொல்ல மாட்டேன், மாட்டேன் என்று அழுதுகொண்டே ஆள்காட்டியாகிவிடுகிற ஹீரோவின் கதை. பாதிப் படம் ஹேவ்லாக் தீவில் எடுத்தார்கள். அங்கே போகிற போட்டில் ஹீரோவுக்கு வயிற்றைப் புரட்டியதில் அவர் ரிசார்ட் கட்டிலை விட்டே எழவில்லை. மின்னி பேயில் எடுக்க வேண்டிய காட்சிக்கு ஆள் இல்லை. உதவி இயக்குநர் நந்தகுமார் ஜெட்டிப் பக்கம் தலையைச் சொறிந்துகொண்டு நடந்தபோது, எஞ்சின் மேல் குனிந்திருந்த ஒரு முதுகு கண்ணில் பட்டது.

"அண்ணே, திரும்பாதீங்க! அப்படியே இருங்க!"

அல்போன்ஸ் பாம்பு ஏதோ வந்துவிட்டது என்று நினைத்து அசையாமல் நின்றார்.

"ஹீரோ முதுகுண்ணே உங்களுக்கு. அச்சு அசல்!"

நாற்பத்தெட்டு வயதில், பனியன் முழுக்க கிரீஸோடு நிற்கும் மனிதனிடம் இப்படிச் சொன்னால் அவன் எப்படி மறுப்பான்? தூரத்திலிருந்து எடுப்போம், முகம் தெரியாது, படம் வருகிறவரை யாரிடமும் சொல்லக் கூடாது என்று நந்தகுமார் ஒரு காகிதத்தை நீட்டினார்.

"சொல்லாம இருக்கதுக்கு எனக்கு பேப்பர் வேறயா தம்பி?" என்று பெருமையோடு கையெழுத்துப் போட்டார் அல்போன்ஸ். எந்த நேரத்தில் போட்டாரோ!

காட்சி இதுதான். ஐஸ் கம்பெனிச் சுவருக்குப் பின்னால் போலீஸ் ஜீப் வந்து நிற்கும். அதிகாரி இறங்குவார். ஆள்காட்டி அக்கம்பக்கம் பார்த்து, காதோரம் ஏதோ சொல்லி, ஒரு கவரை வாங்கிச் சட்டைக்குள் செருகிக்கொண்டு போவான். ஜெட்டியில் கூட்டம் இயல்பாக இருக்க வேண்டும் என்று இயக்குநருக்குப் பிடிவாதம். அதனால் படப்பிடிப்பு என்று யாரிடமும் சொல்லவில்லை. கேமரா எங்கோ ஒரு மூன்று மாடி வீட்டு மொட்டை மாடியில், துணி காயப் போட்ட கொடிக்குப் பின்னால்.

"காதுல என்ன சொல்லணும்?" என்று கேட்டார் அல்போன்ஸ்.

"சத்தம் பதிவாகாதுண்ணே. வாய்க்கு வந்தத சொல்லுங்க."

அவர் வாய்க்கு வந்தது ஜெபமாலைதான். அதிகாரி வேஷம் போட்ட நடிகர் காதில் பயபக்தியோடு ஜெபத்தை முணுமுணுத்தார். நடிகரும் பெரிய கடத்தல் செய்தி கேட்டவர் போல முகத்தை இறுக்கித் தலையாட்டினார். முதல் தடவை நாய் குறுக்கே வந்தது. இரண்டாம் தடவை கப்பல் ஹாரன் அடித்தது. அடுத்த தடவை அல்போன்ஸ் பழக்க தோஷத்தில் கடைசியில் சிலுவை போட்டுவிட்டார். ஆக மொத்தம் ஏழு தடவை! ஏழு தடவையும் ஜீப் போய்ச் சுற்றி வந்தது, ஏழு தடவையும் அவர் கவர் வாங்கினார். இந்தப் பக்கம் ஜெட்டியில் வலை பின்னிக்கொண்டிருந்த கூட்டம் பின்னுவதை நிறுத்திவிட்டது. டீக்கடையில் குணா விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தான்.

இதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. அதே வாரம் எங்கிருந்தோ வந்த ஒரு படகை, பிடிக்கத் தடையுள்ள கடல் அட்டை மூட்டைகளோடு போலீஸ் பிடித்தது. அவ்வளவுதான், ஊருக்குக் கணக்குச் சரியாகிவிட்டது. தமிழன், பெங்காலி, தெலுங்குக்காரன் என்று எல்லோருக்கும் புரிய வேண்டும் என்பதற்காக குணா இந்தியில் பட்டம் சூட்டினான்: முக்பிர். ஆள்காட்டி. மறுநாள் காலையில் அல்போன்ஸ் டீக்கடைக்குள் கால் வைத்ததும் பேச்சு அடங்கியது. "வாங்க பையா, பைட்டோ" என்று இந்தியில் அண்ணனாக்கி, உட்காரச் சொல்லி இரண்டு பேர் எழுந்து இடம் விட்டார்கள். இருபது வருஷத்தில் அவருக்காக அந்தக் கடையில் ஒரு நாயும் எழுந்ததில்லை.

எஞ்சின்கள் ஒவ்வொன்றாக நின்றுபோயின. பாதி பிரித்துப் போட்டிருந்ததைக்கூட, "பரவால்ல பையா, நானே பாத்துக்கிறேன்" என்று கோணிப்பையில் அள்ளிக்கொண்டு போனார்கள். போலீசிடம் சொல்கிறவன் நம் இடத்தை எவனிடம் சொல்ல மாட்டான் என்று பயம். புதிதாகத் தேடி வந்தவர்களோ வேறு ரகம். பக்கத்து வீட்டுக்காரன் என் சேவலைத் திருடிவிட்டான், மேலிடத்தில் சொல்லிவையுங்கள் என்று ஒருவன் வந்தான். அல்போன்ஸ் அவனைத் துடுப்பால் துரத்தினார்.

வீட்டில் நிலைமை அதற்கும் மேல். தண்ணீர் வண்டி வரிசையில் சகாயசெல்வி போய் நின்றால் பெண்கள் வாயை மூடிக்கொண்டார்கள். ஊர் வம்பு காதில் விழாமல் ஒரு பெண்பிள்ளை எத்தனை நாள் உயிரோடு இருப்பாள்? துவைக்க எடுத்த சட்டைப் பையில் அந்தக் காகிதம் கிடைத்த அன்றே அவருக்கு விஷயம் தெரியும், வெளியே சொல்லத்தான் அல்போன்ஸ் விடவில்லை.

"படத்துக்குன்னு ஒரு வார்த்த சொல்லித் தொலைங்களேன். வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்கிய?"

"கையெழுத்துப் போட்டுருக்கேன் செல்வி."

"பெரிய கலெக்டர் கையெழுத்து!"

ஒரு தடவை மனசு கேட்காமல் நந்தகுமாருக்குப் போன் போட்டார். "இன்னும் மூணு மாசம்ணே" என்றார் நந்தகுமார். அந்த மூன்று மாதம் பதினான்கு மாதமாக நீண்டது.

எல்லோரும் போனதுகூட அவரைச் சுடவில்லை. உதயசூரியன் போனதுதான் சுட்டது. சண்டையில்லை, ஏச்சுப்பேச்சில்லை. ஒரு நாள் எஞ்சினோடு வந்தவர், பட்டறை வாசல்வரை வந்து, நின்று, திரும்பிப் போய்விட்டார். அதன்பிறகு தினமும் விடிந்ததும் அந்த டிங்கி பட்டறையைத் தாண்டிக் கடலுக்குப் போகும். அல்போன்ஸ் டீ டம்ளரோடு நின்று கேட்பார். சில மாதத்தில் அந்தச் சத்தத்தில் ஒரு இருமல் விழுந்தது. எஞ்சினின் ஸ்பார்க் பிளக் ஒன்று சரியாக அடிக்கவில்லை. நடுக்கடலில் நின்றுபோனால் இந்த மனுஷன் என்ன ஆவார் என்று, டிங்கி கண்ணிலிருந்து மறைகிறவரை பார்த்துக்கொண்டு நிற்பார். கூப்பிட்டுச் சொல்ல வாய் வராது. அழுகையாக வரும், வேலையே இல்லாத பட்டறையைக் கூட்டிப் பெருக்குவார்.

ஒருவழியாகப் படம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு குணா கடைப் பெரிய டிவியில் போடச் சொல்லி, ஜெட்டி ஆட்கள் அத்தனை பேரையும் அல்போன்ஸே போய்க் கூப்பிட்டார். டீச் செலவு அவருடையது. சகாயசெல்வி கல்யாணப் பட்டுப்புடவையில் முன்வரிசையில் உட்கார்ந்தார். உதயசூரியன் வாசலோரம், ஒரு கால் வெளியே வைத்தபடி.

ஒன்றேகால் மணி நேரத்துக்குப் பிறகு ஐஸ் கம்பெனிச் சுவர் வந்தது. அல்போன்ஸ் துள்ளி எழுந்தார்.

"இந்தா! இது நான்! நாந்தான்!"

திரையில் தூரத்தில் ஒரு முதுகு. கண் சிமிட்டும் நேரம்தான். உடனே ஹீரோவின் முகம், கண்ணில் நீர் ததும்ப, திரை நிறைய.

குணா ஆரம்பித்தான்.

"அரே பையா, அது ஹீரோ! இனி ஹீரோவும் நான்தான்னு சொல்லுவீங்க போல!"

கூரை தெறிக்கச் சிரித்தார்கள். அல்போன்ஸ் திரையைக் காட்டினார், தன் முதுகைக் காட்டினார், திரும்பி நின்று குனிந்துகூடக் காட்டினார். சிரிப்பு கூடியதே தவிர அடங்கவில்லை. பதினான்கு மாதம் பல்லைக் கடித்துக் காத்திருந்தது இந்த ஒரு முதுகுக்காக. அந்த முதுகும் கை விட்டுவிட்டது. அவர் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்து முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது.

"சிரிச்சது போதும்யா!"

வாசலோரத்திலிருந்து உதயசூரியன் உள்ளே வந்தார்.

"இவன் முக்பிர்னு சொன்னீங்க. நானும் நம்புனேன், இல்லேங்கல. வாசல் வரைக்கும் வந்துட்டு எஞ்சினத் திருப்பித் தூக்கிட்டுப் போனவன் நான். ஆனா ஒண்ணு. என் இடம் இவன் ஒருத்தனுக்குத்தான் தெரியும். பதினாலு மாசமா நாம யாரும் இவன்கூட மூஞ்சி குடுத்துப் பேசல. வயித்தெரிச்சல்ல எவன்கிட்டயாவது சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பேன்? வாரத்துல மூணு நாள் பயந்துக்கிட்டே அங்க போறேன். இன்னிக்கு வேற டிங்கி நிக்கும், இன்னிக்கு நிக்கும்னு. ஒண்ணு வந்திருக்கா? ஒண்ணே ஒண்ணு? இன்னிக்கு வரைக்கும் அங்க விழுறது என் நங்கூரம் மட்டும்தான்யா!"

வலைக்காரர்கள் தரையைப் பார்த்தார்கள்.

"இன்னும் நம்பிக்கை வரலியா? அந்த இடமே எனக்கு வேணாம். நானே சொல்லிடுறேன், எல்லாரும் போய்ப் பிடிச்சுக்கங்க. சிடியா டாப்பு முனையத் தாண்டி, தெக்கால..."

பெஞ்சிலிருந்து அல்போன்ஸ் எப்படிப் பாய்ந்தார் என்று யாருக்கும் தெரியாது. நடுவில் இருந்த இரண்டு டம்ளர் உடைந்தன. கிரீஸ் ஏறிய அந்தக் கை உதயசூரியன் வாயை இறுகப் பொத்தியது.

"வாய மூடும்வே! கூறு கெட்ட மனுசா, இத்தன பேரு காத நீட்டிக்கிட்டு இருக்கானுவ!"

பெஞ்சின் நுனியில் காதைத் தீட்டிக்கொண்டிருந்த குணாவால் தாங்க முடியவில்லை.

"ஐயோ பையா! இன்னும் ஒரே ஒரு வார்த்த விட்டிருக்கலாம்ல!"

அப்போது வெடித்த சிரிப்பு வேறு மாதிரி இருந்தது. சகாயசெல்வி பட்டுப்புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். பெங்காலிக்காரர் ஒருவர் அல்போன்ஸின் முதுகில் ஓங்கித் தட்டி, ஹீரோ முதுகேதான் என்று இந்தியில் சத்தியம் செய்தார்.

அல்போன்ஸ் பொத்திய கையை இன்னும் எடுக்கவில்லை. உதயசூரியன் காதருகே குனிந்து, வேறு யாருக்கும் கேட்காமல் சொன்னார்.

"காலைல எஞ்சினத் தூக்கிட்டு வாரும். எட்டு மாசமா ஒரு பிளக் அடிக்கல."