தாய்வீட்டுக்குப் போன சூரியன்

வெட்கக்கேடான ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன வாரம் எங்கள் வீட்டு மொட்டைமாடியில், ரோஜாத் தொட்டியில் ஒட்டடைக் கம்பை நட்டு, அதன் நிழலைச் சாக்பீஸால் அளந்துகொண்டிருந்தேன். பட்டப்பகலில். பனியனோடு.

காரணம் இல்லாமல் இல்லை. உத்தராயணம் தை முதல் தேதிதான் பிறக்கிறது என்றார் எங்கள் ஆபீஸ் ஹெட்கிளார்க். "இல்லை சார், சூரியன் நிஜமாகவே வடக்கே திரும்புவது டிசம்பர் கடைசியில். பஞ்சாங்கம் மூன்று வாரம் லேட்" என்றேன் நான். லைப்ரரிப் புத்தகத்தில் படித்தது. அவர் நம்பவில்லை. உச்சிவேளை நிழல் என்றைக்கு மிக நீளமாக விழுகிறதோ, அன்றைக்குச் சூரியன் தெற்குக் கோடியில் நிற்கிறது... அளந்தே காட்டுகிறேன் என்று சவால் விட்டுவிட்டேன். பிறகென்ன? தினமும் டிபன் நேரத்தில் உறையூருக்கு சைக்கிள் மிதித்து வந்து நிழல் அளக்க வேண்டியதாயிற்று.

எதிர்வீட்டு ராவுத்தர் இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தார். மூன்றாம் நாள் கேட்டேவிட்டார்.

"என்ன சார், ரேடியோவுக்கு ஏரியலா?"

"இல்லைங்க பாய். சூரியனுக்கு."

"நல்லது சார். ஸ்டேஷன் கெடச்சா சொல்லுங்க."

மறுநாள் மாடிக்குப் போனால், கம்பின்மேல் என் ஈர வேட்டி காய்ந்துகொண்டிருந்தது. என் மனைவியின் கைங்கரியம். "கம்பு சும்மாத்தானே நின்னுச்சு?" என்றாள். அவள் மணப்பாறைக்காரி. அந்த ஊர் முறுக்கு மாதிரி, எதையும் படக்கென்று உடைத்துவிடுவாள்.

வேட்டியின் நிழலை வைத்து எதை நிரூபிப்பது? தொட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். அப்போதுதான் ஞாபகம் வந்தது... இதே உத்தராயண வாதத்தில் நான் ஏற்கெனவே ஒருமுறை தோற்றிருக்கிறேன். பத்து வருஷத்துக்கு முன்னால். ஸ்ரீரங்கத்தில். ஒரு மாமியிடம்.

அப்போது என் தங்கை பங்கஜத்துக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தோம். நன்றாகப் படித்தவள். பார்க்கவும் லட்சணமானவள். ஆனால் அவள் ஜாதகத்தில் ஏழாம் இடத்தில் சூரியன் வந்து உட்கார்ந்திருந்தது. ஏழாம் இடம் கல்யாணத்துக்கான இடம். கடைவீதி ஜோசியர் ஒருவர் கட்டத்தைப் பார்த்ததும் உதட்டைப் பிதுக்கினார்.

"ஆண் கிரகம். உக்கிர கிரகம். புருஷன் வீட்டுல நிலைக்க விடாதுங்க. பொண்ணு பொறந்த வீட்டுக்கே திரும்பி வந்துடும்."

அவ்வளவுதான். அதற்கப்புறம் வந்த வரன்களெல்லாம் கேசரி சாப்பிட்டார்கள், பஜ்ஜியைப் பாராட்டினார்கள், ஜாதகத்தை வாங்கிக்கொண்டு போனார்கள். போனவர்கள் போனவர்கள்தான்.

கடைசியாக மன்னார்புரத்திலிருந்து ஒரு வரன். பையன் எலெக்ட்ரிசிட்டி ஆபீசில் டிராப்ட்ஸ்மேன். பெண் பார்த்துவிட்டுப் போகும்போது தெருமுனையில் நின்று திரும்பிப் பார்த்தான். ஜன்னலில் பங்கஜம் இருந்தாள். அன்று முழுக்க அவள் வீட்டில் யாரோடும் சண்டை போடவில்லை. அதற்கு என்ன அர்த்தம் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

பையனின் அம்மா நல்லவர்தான். ஆனால் பயந்திருந்தார். "பொண்ணைப் பிடிச்சிருக்குங்க. பையனுக்கும் பிடிச்சிருக்கு. ஏழுல சூரியன்னு சொல்றாங்களே... எனக்கு இருக்கிறது ஒரே பையன்."

சும்மா இருந்திருக்கலாம். இருந்தேனா? சூரியன் எத்தனை கோடி மைலுக்கு அப்பால் இருக்கிறது, அதற்குப் பங்கஜம் யார் என்றே தெரியாது என்று பத்து நிமிஷம் விளக்கினேன். அந்த அம்மாள் பொறுமையாகக் கேட்டார்.

"அவ்வளவு தூரத்துல இருந்தே இந்தப் போடு போடுதே தம்பி... ஏழாம் வீட்டுக்குள்ளேயே வந்து உக்காந்தா?"

என் தாயார் என்னைக் கடைக்கு அனுப்பிவிட்டார். வாங்கி வருவதற்கு ஒன்றும் சொல்லாமலே.

ஸ்ரீரங்கம் உத்தர வீதியில் கோமளம் மாமி இருந்தார். ஜாதகம் பார்ப்பார் — பெண்களுக்கு மட்டும். சமையல் முடிந்து, சாயங்காலத்துப் பூ தொடுக்க உட்காரும்வரை உள்ள நேரத்தில். ஆண்கள் யாராக இருந்தாலும் வாசலுக்கும் கூடத்துக்கும் நடுவிலிருக்கும் ரேழியோடு சரி. அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று மன்னார்புரத்து அம்மாளே சொல்லி அனுப்பினார். அவர் முடியாது என்றால் முடியாதுதான், அதற்குமேல் பேச்சில்லை என்றும் சொல்லி அனுப்பினார்.

ஆனால் அது மார்கழி. கல்யாணப் பேச்சு கூடாது. அதனால் இரண்டு குடும்பமும் ஸ்ரீரங்கத்துக்குச் சொர்க்கவாசல் சேவிக்க வருவதாகவும், வந்த இடத்தில் தற்செயலாகச் சந்திப்பதாகவும் ஏற்பாடு. "அட, நீங்களும் வந்தீங்களா!" என்று மாமி வீட்டு வாசலில் இரண்டு அம்மாள்களும் ஆச்சரியப்பட்டதைப் பார்த்திருக்க வேண்டும். நாடகக் கம்பெனிக்காரர்கள் கெட்டார்கள்!

நான் குடையும் செருப்புமாக ரேழியில் நின்றேன். பங்கஜம் கூடத்துத் தூணோரம் உட்கார்ந்தாள்.

மாமி ஜாதகக் கட்டத்தைப் பார்த்தார். மடித்து வைத்தார். பஞ்சாங்கத்தை எடுத்தார். தை பிறக்கும்போது சங்கராந்தி புருஷன் என்று ஒருவர் வருவதாகப் பஞ்சாங்கத்தில் போட்டிருக்கும் அல்லவா? அவருக்கு என்ன வாகனம், என்ன துணி, என்ன பூ, என்ன சாப்பாடு என்றெல்லாம்? அவர் கை வைத்த சாமானெல்லாம் அந்த வருஷம் விலையேறும் என்று பயப்படுவோமே... அந்தப் பக்கம்.

"இந்த வருஷம் சங்கராந்தி புருஷனுக்குப் பேர் என்ன தெரியுமோ? மந்தாகினி."

"ஆம்பளைக்கா?" என்றார் மன்னார்புரத்து அம்மாள்.

"அதைத்தான் நானும் கேக்கறேன். பேர் மந்தாகினி. தலையில பூ. கழுத்துல முத்துமாலை. கையில பாத்திரம். வஸ்திரம் என்ன கலர்னு வேற எழுதியிருக்கு. எந்த ஊர்லயாவது, ஒரு புருஷன் என்ன கலர்ல கட்டிண்டு வரான்னு காத்திண்டிருப்பாளோ? அச்சடிச்சவன் புருஷன். அதனால புருஷன்னு போட்டுட்டான்."

என் தாயார் சிரித்தார். மன்னார்புரத்து அம்மாள் சிரிக்கவில்லை.

"அப்போ... சூரியன்?"

"அவளும் அப்படித்தான். ஆத்துல எல்லாருக்கும் முன்னாடி எழுந்துக்கறது யாரு? ஞாயித்துக்கிழமைகூட லீவு இல்லாதது யாருக்கு? வருஷா வருஷம் தெக்கே போறாளே, எங்கே போறாங்கறேள்? அம்மா ஆத்துக்கு! இந்த மார்கழியில பாருங்கோ. கார்த்தால எழுந்துக்கறது லேட். சாயங்காலமானா சீக்கிரமே போய்ப் படுத்துண்டுடறா. பொறந்தாத்துல இருக்கற பொண்ணு வேற எப்படி இருப்பா?"

எனக்குத் தாங்கவில்லை. ரேழியிலிருந்து குரல் கொடுத்தேன்.

"மாமி, ஒரு சின்னத் திருத்தம். சூரியன் டிசம்பர் கடைசியிலேயே திரும்பிடுது. பஞ்சாங்கத்துலதான் மூணு வாரம் தள்ளிப் போட்டிருக்காங்க."

"டேய்!" — இது என் தாயார்.

"யாரது ரேழியில?"

"என் பையன்தாங்க மாமி. நெறைய புஸ்தகம் படிப்பான்" என்றார் தாயார். வீட்டில் ஒருவனுக்குக் காக்காய்வலிப்பு என்று சொல்கிற குரலில்.

மாமி கோபித்துக்கொள்ளவில்லை. "நீ சொல்றது ரொம்ப சரிடாப்பா. அப்பவே கிளம்பிட்டா. 'போயிட்டு வரேம்மா'ன்னு மூட்டையைத் தூக்கிண்டு வாசலுக்கு வந்தாச்சு. வாசல்ல நின்னுண்டு அம்மாவோட பேச ஆரம்பிச்சுட்டா. மூணு வாரம் ஆகாதோ?"

மன்னார்புரத்து அம்மாள் அப்போதுதான் முதல்முறையாகச் சிரித்தார். வாய்விட்டு. பூமியின் அச்சு தலையாட்டுவதைப் பற்றி நான் வைத்திருந்த விளக்கம் தொண்டையிலேயே நின்றுவிட்டது. பிற்பாடு எத்தனையோ புத்தகங்களில் அதைப் படித்தேன். இவ்வளவு தெளிவாக ஒருவரும் எழுதவில்லை.

சிரிப்பு அடங்கியதும் பயம் திரும்பி வந்தது.

"இருந்தாலும் மாமி... பொண்ணு பொறந்த வீட்டுக்கே வந்துடும்னு ஜோசியர் சொன்னாரே?"

தூணைச் சுரண்டிக்கொண்டிருந்த பங்கஜத்தின் விரல் நின்றது.

"வருவா. வராம என்ன? வருஷா வருஷம் வருவா. உங்க ஜோசியர் பாதியைச் சொல்லிட்டு எழுந்து போயிட்டார். தை பொறந்தா திரும்பிப் போயிடுவாளே, அதைச் சொன்னாரோ? போறச்சே மூஞ்சியைத் தூக்கப்படாது. வரச்சே கோலம் போட்டு, பானை வெச்சு, வாசல்ல நின்னு கூப்பிடணும். ஊரே அவளுக்குத்தானே பொங்கல் வெக்கறது?"

மன்னார்புரத்து அம்மாள் தன் வளையலைத் திருகிக்கொண்டிருந்தார். பேசியபோது மாமியைப் பார்த்துப் பேசவில்லை.

"நானும் பொறந்த வீட்டுக்குப் போயிருக்கேங்க. போனதெல்லாம் சாவுக்குத்தான். திரும்பி வர்றப்போ எனக்கு யாரும் பானை வெக்கலை. 'ரெண்டு நாள்னுதானே சொல்லிட்டுப் போனே'ன்னு கேட்டாங்க."

மாமி எழுந்து உள்ளே போய் மோர் கொண்டுவந்தார். அந்த அம்மாள் குடித்துவிட்டு, டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, பங்கஜத்தின் பக்கம் திரும்பினார்.

"என் வீட்டுக்கு வந்தா, மார்கழியில அம்மா வீட்டுக்குப் போவியா?"

போகமாட்டேன் என்று சொல், சொல் என்று என் தாயார் கண்ணாலேயே கெஞ்சினார். பங்கஜம் அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டுத்தான் சொன்னாள்.

"போவேன் அத்தை. தை பொறந்தா வந்துடுவேன்."

அத்தை!

அந்த அம்மாள் அவளைப் பார்த்துத் தலையசைத்தார். "வா. ஆனா வாசல்ல நின்னு மூணு வாரம் பேசக் கூடாது."

இப்படித்தான் என் தங்கைக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று — மார்கழியில், யாரும் கல்யாணப் பேச்சே எடுக்காமல்.

அடுத்த மார்கழியில் பங்கஜம் எங்கள் வீட்டுக்கு வந்தாள். வெயில் ஏறும்வரை தூங்கினாள். பொங்கலன்று கரும்பும் மஞ்சள்கொத்துமாக அவளை மன்னார்புரத்தில் கொண்டுபோய் விட்டேன். அத்தை வாசலில் குனிந்து கோலத்தை முடித்துக்கொண்டிருந்தார். கண்ணும் மூக்கும் வைத்த சூரியன். வழக்கமாக அதற்கு மீசை போடுவார்கள். இவர் மீசை போடவில்லை. மூக்குத்தி போட்டிருந்தார். பக்கத்தில் பானை. நாற்காலியில் இருந்த மாமனார் பேப்பரை இறக்கிக் கோலத்தைப் பார்த்தார்.

"சூரியனுக்கு எதுக்குடி மூக்குத்தி?"

"உங்களுக்குத் தெரியாது. பேப்பரைப் படிங்க."

பனி கொட்டுகிற வடதேசங்களில் சூரியனைப் பெண் என்றே சொல்வார்கள் என்று பிறகு படித்தேன். வருஷத்திலேயே மிக நீளமான இரவில் விளக்கேற்றி வைத்துக்கொண்டு, அவள் திரும்பிவரக் காத்திருப்பார்களாம். நம் பக்கத்தில் மட்டும் ஏன் ஏழு குதிரையும் தேரும் ஓர் ஆணுக்குப் போயின? எனக்குத் தோன்றுவது இதுதான்: முடிவு செய்தவர்கள் எழுந்து வந்தபோது அவள் பாதி வேலையை முடித்திருப்பாள். யார் என்று சரியாகப் பார்த்திருக்க மாட்டார்கள். மாமியிடமே ஒருமுறை, இதெல்லாம் எந்த சாஸ்திரத்தில் இருக்கிறது என்று கேட்டேன். "சாஸ்திரம் எழுதினவா யாராவது பொறந்தாத்துக்குப் போயிட்டுத் திரும்பி வந்திருக்காளோ?" என்றார். ரேழியில் நின்றபடியே கேட்டுக்கொண்டேன்.

இவ்வளவையும் மொட்டைமாடியில் என் மனைவியிடம் சொன்னேன். அவளுக்குத் தெரிந்த கதைதான். இருந்தாலும் சொல்லும்போது எனக்குக் குரல் தழுதழுத்தது. அந்த மன்னார்புரத்து அம்மாளுக்கு இருந்த மனசு யாருக்கு வரும்? மறுநாள் இந்த வருஷத்து மார்கழிக்காகப் பங்கஜம் வருவதாக இருந்தாள் வேறு.

என் மனைவி கடைசிவரை கேட்டாள். வேட்டியைக் கம்பிலிருந்து எடுத்தாள். உதறினாள். மறுபக்கமாகத் திருப்பிப் போட்டாள்.

"வரட்டுங்க. வருஷா வருஷம் அவ வர்றப்பல்லாம் நான்தானே சமைச்சுப் போடுறேன்" என்றாள். படியில் பாதி இறங்கியவள் நின்றாள்.

"மணப்பாறையும் தெக்கேதாங்க இருக்கு."