வீடியோ கேம் கடையில் ஐந்து வோல்ட்

போன ஞாயிற்றுக்கிழமை என் மகள் செல்போனில் ஒரு வீடியோ காட்டினாள். யாரோ ஒருவர் பழைய காலத்து வீடியோ கேம் மெஷினைத் திறந்து வைத்துக்கொண்டு, மல்டிமீட்டரின் இரண்டு முனைகளையும் பவர் சப்ளையில் தொட்டு, ஐந்து வோல்ட் சரியாக வருகிறது என்று திருப்தியாகத் தலையாட்டினார். "அங்க வச்சா எப்படிங்க தெரியும்? போர்டு மேல வச்சுப் பாருங்க!" என்று நான் கத்திவிட்டேன்.

"அவருக்குக் கேக்காதும்மா" என்றாள் மகள்.

கேட்காதுதான். இருபத்தைந்து வருடம் பாலிடெக்னிக் ஆய்வகத்தில் மாணவர்களைப் பார்த்துக் கத்திய வாய், ஓய்வு பெற்றும் அடங்கவில்லை. ஆனால் அந்தப் பாடத்தை நான் கற்றது பாலிடெக்னிக்கில் அல்ல. மன்னார்குடியில், கடைத்தெருவை ஒட்டிய சந்தில் இருந்த ஒரு வீடியோ கேம் கடையில். சூடேறிய தூசியும் தேங்காயெண்ணெய்த் தலைகளும் கலந்து ஒரு வாசனை அடிக்கும் அங்கே. இப்போதும் பழைய டிவியின் பின்மூடியைக் கழற்றினால் அந்த வாசனையில் பாதி வரும். தேங்காயெண்ணெய்ப் பாதி மட்டும் வராது.

கடைக்காரர் சேதுராமன் சார். சிங்கப்பூரில் சில வருடம் இருந்துவிட்டு, அங்கே தூக்கிப் போடவிருந்த கேம் போர்டுகளைக் கைலிகளில் சுற்றிப் பெட்டியில் கொண்டுவந்தவர். உள்ளூர் தச்சரை வைத்து அலமாரி மாதிரிப் பெட்டிகள் செய்து, அவற்றுக்குள் பழைய டிவிகளைப் பொருத்தினார். எல்லாம் ஓடியது. பத்து நாள் கழித்து ஒவ்வொன்றாக நின்றது. ஐ.டி.ஐ.யில் ஆள் கேட்டுப் போனவருக்கு, அந்த வருடம் எலெக்ட்ரானிக்ஸ் முடித்த என் பெயரைக் கொடுத்திருக்கிறார்கள்.

அதில் ஒரு சிக்கல். சேதுராமன் சார் குடும்பத்து நிலத்தில் ஆறு மாவை, அதாவது ரெண்டு ஏக்கரை, என் அப்பா குத்தகைக்குச் சாகுபடி செய்துவந்தார். எல்லாம் வாய்ப்பேச்சு, காகிதம் கிடையாது. குத்தகைதாரர் பெயரைப் பதிவு செய்யலாம் என்று சட்டம் இருக்கிறதே என்று அப்பா மனுக் கொடுத்ததும், சாரின் அண்ணன் கோவிந்தராசு, "அவன் கூலிக்கு நட்டவன், குத்தகைக்காரன் இல்ல" என்று எதிர்மனுப் போட்டார். விசாரணை தாசில்தார் அலுவலகத்தில் இழுத்துக்கொண்டிருந்தது. அந்த வீட்டில் அண்ணன் ஒரு கட்சி, தம்பி ஒரு கட்சி. ஆட்சி எந்தப் பக்கம் மாறினாலும் யாராவது ஒருவர் சிரித்துக்கொண்டிருப்பார். எங்கள் தெருவில் சிரிக்க அவ்வளவு வசதி இல்லை.

"நான் யார் மகள்னு தெரியுமா சார்?" என்று முதல் நாளே கேட்டேன்.

"தெரியும்மா. கேஸ் வேற, கரண்ட்டு வேற. உள்ள வா."

அவர்கள் வீட்டுக்கு எங்கள் ஆட்கள் போனால் கொல்லைப்புறத்தோடு சரி. இங்கே முன்வாசல் வழியாக, செருப்போடு, உள்ளே போனேன்.

போர்டுகளின் நோய் எளிமையானது. அவற்றுக்கு ஐந்து வோல்ட் வேண்டும். கால் வோல்ட் குறைந்தாலும் ஆட்டம் பாதியில் தானாக முதலிலிருந்து தொடங்கும்; பறக்கிற விமானம் கட்டம் கட்டமாகச் சிதறும். கூடினால் சில்லுகள் சுட்டு, ஒருநாள் செத்துப்போகும். சப்ளையில் ஐந்து காட்டும். வயரையும், போர்டு செருகும் இடத்தில் கறுத்துப்போன செம்புப் பற்களையும் தாண்டி வரும்போது நாலரைதான் மிஞ்சும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு நாலு நாள் ஆனது. மருந்தோ பென்சில் அழிக்கும் ரப்பர். பற்களைத் தேய்த்துப் பளபளப்பாக்கி, மீட்டரைப் போர்டின் மேலேயே வைத்து, சப்ளையின் சின்னத் திருகைக் கடுகளவு திருப்ப வேண்டும். பிறகு யார் கையும் படாமலிருக்க, திருகின் தலையில் ஒரு சொட்டு நகச்சாயம் வைப்பேன். சிவப்பு. என் அத்தை மகள் கல்யாணத்துக்கு வாங்கியது. விரலுக்குப் போட்டதைவிடத் திருகுக்குப் போட்டதுதான் அதிகம்.

ஒருநாள் மதியம் நான் சாப்பிடப் போயிருந்தேன். வயல்பக்கம் மும்முனை மின்சாரம் விட்டு, பம்புசெட்டுகள் எல்லாம் ஒரே நேரத்தில் ஓடத் தொடங்க, ஊருக்குள் விளக்குகள் மங்கிய வேளை. திரும்பி வந்தபோது கடையில் கருகல் நாற்றம். விமான ஆட்டத்தின் திரை வெறுமையாக இருந்தது. பக்கத்தில் கோவிந்தராசு நின்றார்.

"இப்பத் தெரியுதாடா தம்பி? நம்ம மேல கேஸ் போட்டவன் மகளை உள்ள விட்டா இப்படித்தான். வேணும்னே கொளுத்திட்டா."

விளையாட வந்த பத்துப் பதினைந்து பேர் என்னைப் பார்த்தார்கள். சேதுராமன் சாரும் அப்படியே பார்த்தார். அந்தப் பார்வைதான் எனக்கு உறைத்தது. அழுகை வந்தது, அழுதால் ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று பெட்டியைத் திறந்தேன். சாயம் உடைந்திருந்தது. திருகு கடைசிவரை திருப்பப்பட்டிருந்தது. மீட்டரை வைத்தேன்: ஆறேகால்.

"காலையில இந்தத் திருகைச் சாயம் வச்சு ஒட்டியிருந்தேன் சார். பெரியவர் சட்டைப்பையில இருக்கிற டெஸ்டரை எடுத்துப் பாக்கச் சொல்லுங்க."

பம்புசெட் வைத்திருப்பவர்கள் எல்லோரும் திருப்புளி முனையுள்ள டெஸ்டரைப் பேனா மாதிரிச் செருகியிருப்பார்கள். சார் கையை நீட்டி, அண்ணன் பையிலிருந்து தானே எடுத்தார். நுனியில் சிவப்புத் துணுக்கு.

"கரண்டு கம்மியா இருந்துச்சு, ஏத்தி வச்சேன். இதுல என்ன தப்பு?" என்றார் கோவிந்தராசு.

"தப்பு அதுல இல்லண்ணே. அந்தப் பொண்ணு மேல போட்டீங்களே, அதுல. ஒரு வார்த்தை சொல்லுங்க."

அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியேறினார். சார் என் பக்கம் திரும்பி, எல்லோர் முன்னாலும், "நானும் ஒரு நிமிஷம் உன்னைச் சந்தேகப்பட்டேன்மா. மன்னிச்சுக்க" என்றார். இரண்டு வாரம் உட்கார்ந்து, வேறொரு செத்த போர்டிலிருந்து சில்லு கழற்றிப் போட்டு, அந்த விமானத்தைப் பறக்கவிட்டேன்.

அடுத்த விசாரணைக்கு சேதுராமன் சார் தாமாகவே வந்தார். "எனக்கு விவரம் தெரிஞ்ச நாள்லேருந்து அவர்தான் குத்தகைக்குச் சாகுபடி பண்றாரு" என்று தாசில்தார் முன் சொல்லிக் கையெழுத்திட்டார். அப்பா பெயர் பதிவானது. அந்த மாதமே வீட்டில் பாகம் பிரிந்தது. கடை இருந்த கட்டடம் அண்ணன் பங்குக்குப் போனது. எங்களுக்கு நிலம் நின்றது. எனக்கு வேலையும் அவருக்குக் கடையும் போயின. போர்டுகளைப் பழைய இரும்புக்காரர் வண்டியில் ஏற்றியபோது நான்தான் வயர்களைக் கழற்றிக் கொடுத்தேன். அவர் மறுபடி சிங்கப்பூர் போனார். ஒரு கடிதம் வந்தது. அதற்குப் பதில் எழுதுவதைத் தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு, எழுதாமலே விட்டேன்.

அந்தச் சந்தே இப்போது இல்லை. இரண்டு பக்கமும் இடித்து ஜவுளிக்கடை வந்துவிட்டது. ஆறு மாவைப் பிற்பாடு அப்பாவே கிரயம் வாங்கினார். அவரும் இல்லை. நான் தஞ்சாவூரில் இருக்கிறேன்; நிலத்தை ஊரில் ஒருவர் குத்தகைக்குப் பார்க்கிறார். வாய்ப்பேச்சுதான். அறுப்பு நேரத்தில் மழை அடித்த வருடம் அவர் போன் செய்தார்.

"அக்கா, குத்தகையைப் பதிஞ்சு குடுத்தீங்கன்னா பயிர் இழப்பீடு என் பேருக்கு வரும்."

"பாக்கலாம்" என்றேன்.

போனை வைத்துவிட்டு நிலப் பத்திரத்தை எடுத்து வைத்தேன். சேதுராமன் சார் மாதிரி, எனக்குப் பதிலாகத் தாசில்தார் முன் போய் உள்ளதைச் சொல்ல என் வீட்டில் ஒரு தம்பி இல்லை. மறுநாள் காலை முதல் பஸ்ஸில் மன்னார்குடி தாசில்தார் அலுவலகத்துக்குப் போனேன்.