மீன் விடாத தொட்டி

ரஜியா இன்று காலை போய்விட்டாள்.

பரங்கிப்பேட்டையிலிருந்து அவள் மகள் போன் செய்தாள். "உம்மா மௌத்தாயிட்டாங்க ஆன்ட்டி... சுபுஹு தொழுகைக்கு எழுப்பப் போனேன், எழுந்திருக்கல."

இந்தப் பக்கத்தில் நான் எழுதுவதைப் படிக்கிறவர்களில் பாதிப்பேர் என் பழைய மாணவிகள். உங்களில் யாரும் ரஜியாவைப் பார்த்திருக்க மாட்டீர்கள். ஆனால் நான் உங்கள் லேபில் இருந்ததற்கே அவள்தான் காரணம்.

அறுபதுகளின் நடுவில்... நம் பள்ளிக்கூடத்துத் தாளாளருக்கு ஓர் ஆசை. கடலூரில் இருந்துகொண்டு ஒரு கடல்நீர்த் தொட்டி இல்லாமல் எப்படி? பவளப்பாறை, அதைச் சுற்றி வண்ண மீன்கள்.

அதற்கென்றே இரண்டு லேப் அசிஸ்டென்ட்களை டெம்பரரியாக எடுத்தார். ரஜியாவும் நானும். தொட்டியில் மீன் விடுகிற அன்று வேலையில் இருப்பவர்களுக்கு பெர்மனென்ட் ஆர்டர் என்றார்.

நான் சிதம்பரத்தில் பாசஞ்சர் ஏறுவேன். அவள் பரங்கிப்பேட்டையில் அதே பெட்டியில் ஏறுவாள்.

இரும்புச் சட்டம் உப்புத் தண்ணீருக்குத் துருப்பிடிக்கும் என்று சிமென்ட் தொட்டி கட்டி, முன்பக்கம் மட்டும் கண்ணாடி வைத்தோம். புது சிமென்ட் மீனைக் கொன்றுவிடும். வாழைமட்டையை வெட்டிப்போட்டு ஊறவைத்து, தண்ணீரை மாற்றி மாற்றி... அதிலேயே ஒரு மாதம் போய்விட்டது.

பிறகு தேவனாம்பட்டினத்திலிருந்து மாட்டுவண்டியில், பானை பானையாகக் கடல் தண்ணீர். ராமேஸ்வரத்தில் கடை வைத்திருந்த ரஜியாவின் மாமா பவளப்பாறைக் கற்களை ஈரச் சாக்கில் சுற்றி ரயிலில் அனுப்பிவைத்தார்.

காற்றுக்கு லாரி டயர் ட்யூப். சைக்கிள் பம்ப்பால் காற்றடித்து, மெல்லிய குழாய் வழியாகத் தொட்டிக்குள் விடுவோம். இறங்க இறங்க மறுபடி அடிக்க வேண்டும். பெரும்பாலும் ரஜியாதான் அடிப்பாள்.

கல்லைப் போட்ட வாரமே தண்ணீர் அரிசி களைந்த தண்ணீர் மாதிரி ஆகிவிட்டது. அப்படி ஒரு நாற்றம்... பக்கத்து வகுப்பில் ஜன்னலைச் சாத்திக்கொண்டார்கள்.

கல்லோடு வந்த சின்ன உயிர்களில் சில செத்து அழுகும், அது தானாக அடங்கும்வரை மீன் விடக்கூடாது என்று படித்திருந்தோம். படிப்பது வேறு, மூக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பது வேறு.

"என்னம்மா, பச்சத் தண்ணியக் காட்டியே எத்தன மாசம் ஓட்டுவீங்க?" என்றார் தாளாளர்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். ரஜியா குனியவில்லை. "அவசரப்பட்டா அத்தனையும் செத்துப்போவும் சார். செத்த மீன யார் வந்து பாப்பாங்க?"

தண்ணீர் மெல்லத் தெளிந்தது. கல்லில் பழுப்பாக ஏதோ படர்ந்தது. அப்புறம் பச்சை. ஒருநாள் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு கூப்பிட்டாள். "வசந்தா, இங்க பாரு... பூ."

பூ இல்லை. கல்லின் ஓட்டையிலிருந்து ஒரு புழு, விசிறி போல் விரிந்து நின்றது. என் நிழல் பட்டதும் சடக்கென்று உள்ளே போய்விட்டது. அது திரும்ப வரும்வரை அசையாமல் நின்றோம். பெல் அடித்ததுகூடக் காதில் விழவில்லை.

அந்த நேரத்தில்தான் எனக்கு டைபாய்டு வந்தது.

அப்பா இல்லாத வீடு. படிக்கிற தம்பிகள் இருவர். காய்ச்சலைவிட வேலையை நினைத்துத்தான் பயம். என் இடத்துக்குத் தாளாளரின் அக்கா மகள் வரப்போகிறாள் என்று பேச்சு வேறு அடிபட்டது.

ரஜியா ஞாயிற்றுக்கிழமைகளில் சிதம்பரம் வந்து பார்ப்பாள். "தொட்டி என்னாச்சுடி?" என்று கேட்பேன். "இன்னும் ஆவல. நீ கஞ்சியக் குடி." அவ்வளவுதான் பதில்.

குணமாகி, முடி கொட்டிய தலையில் முக்காடு போட்டுக்கொண்டு ஸ்கூலுக்குப் போனேன். "இப்பதான் நீ எங்க வூட்டுப் பொண்ணு மாரி இருக்க" என்று சிரித்தாள்.

தொட்டியைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டேன். தண்ணீர் இருப்பதே தெரியவில்லை, அவ்வளவு தெளிவு. கல் முழுக்கக் குட்டிக் குட்டி விசிறிகள். மணலில் சங்கைச் சுமந்துகொண்டு நண்டுகள் நடந்தன.

"இது ரெடியாகி ரொம்ப நாளாயிருக்குமேடி?"

"ஆமா."

"அப்புறம் ஏன் மீன் விடல?"

"விட்டா அன்னிக்கே ஆர்டர் போட்டுடுவாரு. நீ அங்க படுத்துக் கெடக்குற. அவரு வந்து கேக்குறப்பல்லாம், தண்ணி இன்னும் சரியாவல சார்னு சொல்லிட்டேன்."

"அவருக்கு சந்தேகம் வரலையா?"

"வராம? ஒனக்கு இங்க வேலையே இல்லன்னு ஒருநாள் கத்துனாரு. நான் போயிட்டா இத யாரு சார் பாத்துக்குவாங்கன்னு கேட்டேன். விறுவிறுன்னு போயிட்டாரு."

சொல்லிவிட்டு ட்யூபுக்குக் காற்றடிக்கக் குனிந்துவிட்டாள். தன் வேலையும் போயிருக்கும் என்பதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

நான் தொட்டி ஓரமாக நின்று அழுதேன். "தள்ளி நின்னு அழுவுடி. உப்பு ஜாஸ்தியாயிடும்" என்றாள்.

அடுத்த வாரம் இரண்டு பேரும் சேர்ந்து மீன்கள் இருந்த பானையைத் தண்ணீருக்குள் மெல்லச் சாய்த்தோம். கோடு போட்ட சின்ன மீன்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்து, கல்லைச் சுற்றிப் பார்த்து, அங்கேயே இருந்துவிட்டன. தாளாளர் கண்ணாடிக்கு முன்னால் குனிந்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆர்டர் இருவருக்கும் வந்தது. அக்கா மகளுக்கு அதற்குள் கம்மாபுரத்தில் கல்யாணமே முடிந்திருந்தது.

ரஜியா சில வருடங்களில் கல்யாணமாகி வேலையை விட்டாள். நான் ரிடையர் ஆகும்வரை அங்கேதான். தம்பிகள் படித்தது, என் கல்யாணம், இந்த வீடு... எல்லாம் அந்த வேலையில்தான்.

அவளிடம் இதை எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். "சரி சரி, டீ ஆறுது பாரு" என்பாள்.

இன்று சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம். கொஞ்சம் முன்னால் நானே போன் செய்து, முகம் பார்க்க முடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"நீங்க வராம எடுக்க மாட்டோம் ஆன்ட்டி. மெதுவா வாங்க" என்றாள் மகள்.

பேரன் கார் எடுத்துவிட்டான்.

வந்துகொண்டிருக்கிறேன், ரஜியா.